மாவு பிசையாதவருக்கு ஓட்டு இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமையல் குறிப்பு கிடையாது. நடுவில் மாவு, வெண்ணெய் என்று அளவெல்லாம் வரும். அதை நம்பி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது. இது வயிற்றெரிச்சலில் எழுதுவது. ரொம்ப நாளாக உள்ளேயே கிடந்தது.

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் என் மகள் ஒரு வரி போட்டாள். "தீபாவளி நைட் சாப்பாட்டுக்கு நான் ஆப்பிள் பை பண்ணப்போறேன்." அவளுக்கு அப்போது பதினைந்து வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே புனேயில். அந்த வருஷம் அக்கா குடும்பம் மும்பையிலிருந்து, தம்பி குடும்பம் பெங்களூரிலிருந்து, அம்மா கோவில்பட்டியிலிருந்து என்று எங்கள் வீட்டில் எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. மொத்தம் பதினொரு பேர்.

குழு அரை மணி நேரம் கப்சிப். அப்புறம் அத்தான், "பையா? என்ன பை, மஞ்சப்பையா?" என்று ஆரம்பித்து வைத்தார். அது பரவாயில்லை, அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பிறகு வந்தது பாருங்கள், ஊரிலிருந்து பெரியப்பாவின் வாய்ஸ் மெசேஜ். நாலு நிமிஷம் பத்து விநாடி. தீபாவளி என்றால் அதிரசம், முறுக்கு, சோமாசி, முந்திரிக்கொத்து. வெள்ளைக்காரன் பலகாரத்தை வைத்து சாமி கும்பிட முடியுமா? வெளியூர் போனால் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போகும். இன்றைக்குப் பலகாரம், நாளைக்குப் பாஷை. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, "இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கு அடுப்படியில நிக்க எங்க நேரம் இருக்கு?"

அதற்குக் கீழே ஏழு கும்பிடு பொம்மைகள். போட்ட ஏழு பேரும் ஆண்கள். எண்ணிப் பார்த்தேன்.

பெரியப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு. அப்பாவுக்குக் கை நெருக்கடியாக இருந்த வருஷத்தில் எனக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டியவர். ஆனால் எழுபத்தாறு வயதுக்குள் ஒரு அப்பளம்கூடப் பொரித்ததில்லை. கும்பிடு போட்ட மற்ற ஆறு பேரும் அப்படித்தான், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பலகாரம் எது என்று முடிவு செய்யும் இந்தச் சபையில் கையில் மாவு ஒட்டியவர் ஒருத்தர்கூட இல்லை. என் வழக்கு இவ்வளவுதான். என்ன செய்வது என்று வருஷா வருஷம் சண்டை போடுகிறோம். யார் செய்வது என்று ஒருநாளும் பேசுவதில்லை.

1987 என்று நினைக்கிறேன், எனக்கு ஒன்பது வயது. கோவில்பட்டி வீட்டில் தீபாவளி விடிகாலை. நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, வாசலில் சரவெடியைப் பிரித்து ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருக்கிறோம். ஊதுபத்தி அணைந்துவிட்டது என்று அடுப்படிக்கு ஓடினேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் அரிகரண்டி. பக்கத்தில் மஞ்சள் தடவிய புதுச்சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. நாலு ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை நின்று ஒன்பது வகை செய்திருந்தாள். அந்தச் சேலையை அவள் உடுத்தியது சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில்தான்.

அப்பா தூக்கு தூக்காகத் திறந்து பார்த்துவிட்டு, "மனோகரம் இந்த வருஷம் இல்லையா?" என்று கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. நிஜமாகவே ஒரு தகவலுக்காகத்தான் கேட்டார். அதுதான் கொடுமை.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன் திருந்தியிருப்பான் என்றுதானே நினைப்பீர்கள். 2008-ல் கல்யாணம், அதே வருஷம் புனேயில் தலைதீபாவளிக்குப் பிறகான குடித்தனம். 2009 தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை, ஊருக்குப் போக முடியாது. மகள் கைக்குழந்தை. நான் பொட்டி தட்டிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்ன வாசகம்: "எங்கம்மா ஒன்பது வகை செய்வாங்க."

தங்கமணி என்று எழுதிச் சிரிக்க வைக்கிற இடம் இல்லை இது. என் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறவள். நான் சொன்ன அந்த ஒரு வரிக்காக மூன்று ராத்திரி குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே முறுக்கு பிழிந்தாள். மூன்றாம் நாள் சோமாசி. ஓரம் சரியாக ஒட்டாத ஒன்று எண்ணெயில் வாய் பிளந்தது. செய்தவர்களுக்குத் தெரியும், பூரணம் எண்ணெயில் கொட்டினால் சர்க்கரை கருகி, அதற்குப் பிறகு போடுகிற அத்தனையும் கரும்புள்ளியோடுதான் வரும். அவசரமாக அதை எடுக்கப் போய் வலது முன்கையில் எண்ணெய் தெறித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் மறுநாள் அந்தக் கரும்புள்ளி சோமாசியைப் பார்த்து என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதுகிற அளவுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, பெரியப்பாவின் வாதத்துக்கு வருவோம். பாரம்பரியம்.

சோமாசிப் பூரணத்தில் என்ன இருக்கிறது? பொட்டுக்கடலை, சர்க்கரை, தேங்காய், ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி. இந்த முந்திரி பிரேசில் நாட்டு மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவந்து இந்தியக் கடற்கரையில் நட்டது. இன்றைக்குப் பண்ருட்டி முந்திரி என்று மார்தட்டுகிறோம், தட்டலாம், தப்பில்லை. மேல் மாவு மைதா. கோதுமை நம் கரிசல் காட்டில் விளைகிற தானியமா? எங்கள் ஊர்ப் பெருமை கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடே வாங்கியாச்சு. அந்தக் கடலைக்குத் தென் அமெரிக்காதான் பிறந்த வீடு. மிளகாயும் அதே பக்கம்தான். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய நாளில் நம் அடுப்படியில் காரம் என்றால் மிளகு. இவ்வளவையும் உள்ளே விட்டுவிட்டு, என் மகளின் ஆப்பிளை மட்டும் வாசலில் நிறுத்தி ரேஷன் கார்டு கேட்பது என்ன நியாயம்?

ஆப்பிள் வெள்ளைக்காரன் சரக்கு என்றால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் கோட்கர் மலையில் 1916-ல் அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். பிலடெல்பியாக்காரர். அப்படியே இங்கேயே தங்கி, மலைக்காரப் பெண்ணைக் கட்டி, காங்கிரசில் சேர்ந்து, கதர் உடுத்தி, 1921-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தால் ஜெயிலுக்கும் போனார். பிற்பாடு பெயரையே சத்யானந்த் என்று மாற்றிக்கொண்டார். நம்மில் எத்தனை பலகாரத்துக்கு இப்படி ஒரு தியாகி பென்ஷன் தகுதி இருக்கிறது, சொல்லுங்கள் :-)

அப்புறம், பை என்பதுதான் என்ன? மாவை நெய் விட்டுப் பிசைந்து தேய்த்து, நடுவில் இனிப்பை வைத்து, மேலே மூடி, ஓரத்தை அழுத்தி, சூடு காட்டுவது. சோமாசியை நூறு மடங்கு பெரிதாக்கினால் பை. பையைக் கைக்குள் அடக்கினால் சோமாசி. மராட்டிக்காரர் கரஞ்சி என்பார், வடக்கே குஜியா என்பார். சண்டை எதற்கு?

கரஞ்சி என்றதும் எங்கள் அடுக்ககக் காகுமார்கள் ஞாபகம் வருகிறது. (மராட்டியில் காகு என்றால் சித்தி, பெரியம்மா எல்லாம்.) இங்கேயும் நரக சதுர்த்தசி அன்று விடியுமுன் எண்ணெய்க் குளியல்தான், நம்மைப் போலவே. குளித்துவிட்டு காரிட் என்கிற ஒரு கசப்புக் காயைக் காலால் நசுக்கி நரகாசுரனைக் கொன்றாச்சு என்பார்கள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து ஃபராள் சாப்பிடுவார்கள். கரஞ்சி, சக்லி, சிவ்டா, சங்கர்பாளே, நம் அதிரசத்துக்குத் தங்கை மாதிரி அனார்சே. அந்த 2009 கூத்துக்கு அடுத்த வருஷம் எதிர்வீட்டுக் காகு என் மனைவியின் கைத்தழும்பைப் பார்த்துவிட்டு, "தனியாகவா கரஞ்சி செய்தாய்? பைத்தியமா உனக்கு?" என்று கேட்டார். தனியாகச் செய்யக்கூடாத பலகாரம் அது என்பது அவர் கட்சி. ஒருத்தி தேய்க்க, ஒருத்தி பூரணம் வைத்து மூட, ஒருத்தி சக்கரத்தால் ஓரம் வெட்ட, ஒருத்தி பொரிக்க. தேய்த்தது காய்ந்தால் ஒட்டாது, ஒட்டாவிட்டால் எண்ணெயில் பிளக்கும், அதனால் நாலு கை ஒரே வேகத்தில் ஓட வேண்டும். இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு என்று முறை வைத்துக்கொண்டு, அவரவர் பலகையையும் கட்டையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். என் மனைவியையும் அந்த முறையில் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சோமாசி வாய் பிளந்ததில்லை.

மராட்டிக்காரரை ரொம்பவும் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்த நாலு பெண்கள் தரையில் உட்கார்ந்து தேய்க்கும்போது அவர்கள் வீட்டு ஆண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? தீபாவளி மலர் படிப்பார்கள். 1909-ல் 'மனோரஞ்சன்' பத்திரிகை ஆரம்பித்து வைத்த வழக்கம், இன்னும் ஒவ்வொரு தீபாவளிக்கும் மராட்டியில் மலர்கள் குவிகின்றன. அருமையான இலக்கிய மரபு. அடுப்படியிலிருந்து சூடாகக் கரஞ்சி வரவர, உள்ளே கதை படிக்கிற சுகமே தனி. எந்த மொழியானாலும் ஆண்பிள்ளை ஆண்பிள்ளைதான்.

மகளின் கதைக்குத் திரும்புகிறேன். பெரியப்பாவின் குரலைக் கேட்டுவிட்டு அவள், "வேணாம்ப்பா, கடையில ஏதாச்சும் வாங்கிக்கலாம்" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் பதினைந்து வயசு ஒன்று, யாரும் சொல்லாமல், தானாக அடுப்படியில் நிற்கிறேன் என்கிறது. அதையும் விரட்டிவிட்டு, இந்தக் காலத்துப் பெண்கள் நிற்பதில்லை என்று புலம்புகிறோம். குழுவில் நான் எழுதினேன்: "இந்த வருஷம் மாவு பிசைகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. பிசைய வருகிறவர்கள் 29-ஆம் தேதி ராத்திரிக்குள் புனே வரவும்." பெரியப்பாவுக்குக் கோபம். பதில் இல்லை.

எந்தப் பை என்பதிலும் பெரிய விவாதம் நடந்தது. நியூஜெர்சியில் இருக்கிற சித்தப்பா மகன் ஒவ்வொரு நவம்பரும், நாலாவது வியாழக்கிழமை அவர்களுடைய நன்றி கூறும் நாளுக்குப் பரங்கிக்காய்ப் பை படம் அனுப்புவான். அதைப் பார்த்து மகளுக்கு அதுவும் வேண்டுமாம். அக்கா பையன்களுக்கு ஆப்பிள். அம்மா, "ஏன், நம்ம சோமாசிப் பூரணத்தையே உள்ள வச்சா என்ன?" என்றாள். சோதனைக்குச் சின்னக் கிண்ணத்தில் ஒன்று செய்து பார்த்தோம். படுதோல்வி. பொட்டுக்கடலைப் பொடி சோமாசிக்குள் ஒரு வாய் அளவு இருக்கும்போது ருசி, பையில் கனமாக வைத்தால் மணலைத் தின்கிற மாதிரி. பைக்குள் ஈரம் வேண்டும். ஆனால் ஈரம் அதிகமானால் அடி மாவு ஊறிப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் தொங்குவதுதான் பையின் மொத்த வித்தையும்.

ஆகவே ஆப்பிள் ஒன்று, பரங்கிக்காய் ஒன்று. ஆப்பிளில் கின்னௌர் வகை, அந்தச் சமயத்தில் மார்க்கெட்டில் புதிதாக வரும், கெட்டியாக இருக்கும். அதையும் பச்சையாக வைக்காமல், சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் பட்டைத்தூளும் போட்டு வாணலியில் வதக்கி, தண்ணீரைச் சுண்டவைத்து, ஆறவைத்துத்தான் உள்ளே வைத்தோம். நம்மூர்ப் பரங்கிக்காயில் தண்ணீர் ஜாஸ்தி. இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, மசித்து, அல்வா கிண்டுகிற மாதிரி கிண்டிக் கெட்டியாக்கிக்கொண்டு, பிறகு முட்டை, பால், வெல்லம், சுக்கு, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். அந்த வாசனை வந்ததும் அம்மா அடுப்படிக்குள் தலையை நீட்டி, "யாருட்டி அங்க லேகியம் கிண்டுறது?" என்றாள். நிஜமாகவே தீபாவளி லேகிய வாசம்தான். சுக்கும் வெல்லமும் சேர்ந்தால் வேறென்ன வரும்? பரங்கிக்காய் என்ற பெயரிலேயே பரங்கி உட்கார்ந்திருக்கிறான் என்று மகளுக்குச் சொன்னேன். அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் கொடிதான். எங்களுக்கு முன்னாலேயே யாரோ அதை வாசலில் நிறுத்தாமல் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

மாவில்தான் பெரிய சம்பவம். மகள் இணையத்தில் பார்த்து வைத்திருந்த கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று. முந்நூறு கிராம் மைதாவுக்கு இருநூறு கிராம் வெண்ணெய், நூறு கிராம் ஐஸ் தண்ணீர். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைத் துண்டு போட்டு மாவில் விரல்நுனியால் உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கட்டியும் முட்டியும், ஒரு பக்கம் வெறும் மாவு. வியர்த்துப்போய் நிற்கிறாள். அம்மா கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு வளையலை மேலே ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து, "பிசையாத, பிசிறு" என்றாள். "கையில பிடிச்சா பிடிபடணும், தட்டினா உதிரணும். அதான் பதம்." சோமாசிக்கு நெய்யைக் காய்ச்சி மாவில் ஊற்றிப் பிசிறும்போது பார்க்கிற அதே பதம். நெய்யானாலும் வெண்ணெயானாலும் வேலை ஒன்றுதான். கொழுப்பு மாவைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் பட்டதும் மாவு ரப்பராக இழுபடாமல் தடுக்கும், அதனால்தான் மொறுமொறுப்பு. அம்மாவுக்கு அந்த விஞ்ஞானம் தெரியாது, கைக்குத் தெரியும். ஒரு வித்தியாசம், சோமாசி மாவைப் பிறகு பால் விட்டு அடித்துப் பிசைய வேண்டும், பை மாவைத் தொட்டும் தொடாமலும் கூட்டி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். "இவ்வளவுதானா? இதுக்கா இம்புட்டுச் சத்தம் போட்டீங்க?" என்றாள் அம்மா.

பலகாரம் போனால் பாஷை போகும் என்றாரே பெரியப்பா, அதற்கு என் பதில் இந்த இடம். பிசிறுவது, உதிர்ப்பது, பதம், முறுகல், கமறல், சுண்டுவது. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் மகளுக்கு வராத சொற்கள். ஆச்சியின் பக்கத்தில் நின்ற இரண்டு நாளில் வந்தன. அதுவும் ஒரு ஆப்பிள் பையால் வந்தன. சோமாசியை டப்பாவில் போட்டு மேசையில் வைத்திருந்தால் அவள் தின்றிருப்பாள், அவ்வளவுதான்.

பரங்கிக்காய்ப் பைக்கு அடி மாவை முதலில் தனியாகச் சுட வேண்டும். அது பொங்காமல் இருக்க மேலே காகிதம் விரித்துப் பச்சைக் கொண்டைக்கடலையைக் கொட்டிப் பாரம் வைத்தோம். அரைக்கிலோ கடலையை ஓவனில் போட்டு வீணாக்கியதற்கு அம்மா மறுநாள் வரை முனகினாள். அது ஒன்றுக்கு மட்டும் நான் பெரியப்பா கட்சி.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். ஆரோக்கியக் கட்சி. "பொரிச்சாத்தான் கெடுதல், ஓவன்ல வச்சா ஹெல்தி" என்று கிளம்பியிருக்கிறவர்கள். அடுக்ககத்தில் ஒரு அம்மணி சோமாசியையே 180 டிகிரியில் சுட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். சப்பாத்தியில் சர்க்கரை மடித்த மாதிரி இருந்தது. எண்ணெய் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் சூட்டை ஏற்றும், அதனால் மேல் ஓடு சட்டென்று மொறுமொறுப்பாகும். ஓவன் காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. அந்தக் குறையைச் சரிக்கட்ட மாவிலேயே கொழுப்பைக் கொட்ட வேண்டும். முந்நூறு மாவுக்கு இருநூறு வெண்ணெய் என்று மேலே எழுதினேனே, அதைத் திரும்பப் படியுங்கள். இது ஆரோக்கியமா? பண்டிகைப் பலகாரம் பண்டிகைப் பலகாரம்தான். வருஷத்துக்கு நாலு நாள். பொரிக்கிறதைப் பொரியுங்கள், சுடுகிறதைச் சுடுங்கள், அளவாகத் தின்னுங்கள். ஆரோக்கியம் பேசுகிறவர்கள் அடுப்படியில் ராத்திரி இரண்டு மணிக்கு நிற்கிற உடம்பின் ஆரோக்கியத்தையும் ஒரு தடவை பேசலாம்.

கடையில் வாங்குவது பாவம் என்கிற கட்சியிலும் நான் இல்லை. இங்கே பெண்கள் சுய உதவிக் குழுக்கள் ஃபராள் செய்து விற்கிறார்கள். நாங்களும் சக்லியும் சிவ்டாவும் அவர்களிடம்தான் வாங்குகிறோம். கை வலிக்கு அங்கே கூலி உண்டு. எனக்கு ஆகாதது இரண்டே விஷயம். ஒன்று, தீபாவளிக்கு ஆபீசில் கொடுக்கிற சோன் பப்டி டப்பா. பிரிக்காமலே வீடு வீடாகப் போய்த் திரும்ப நம்மிடமே வருகிறது. இன்னொன்று, கூலியும் இல்லாமல், கூட ஒரு கையும் இல்லாமல், வீட்டிலேயே ஒருத்தியை மட்டும் நிறுத்தி ஒன்பது வகை வாங்குவது. அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைப்பது.

"அவங்களுக்கு அதுதான்ப்பா சந்தோஷம்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். 30-ஆம் தேதி ராத்திரி கூடத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தோம். சோமாசியும் செய்தோம், அறுபது. அத்தான் பூரிக்கட்டையைப் பிடித்து இலங்கை, ஆஸ்திரேலியா என்று விதவிதமாகத் தேய்த்தார். தம்பி பூரணம் வைத்து மூடினான். தம்பி பெண் சோமாசிக் கரண்டியின் சக்கரத்தை ஓட்டினாள், வெட்டின ஓரத்தையெல்லாம் தின்றாள். நான் எண்ணெய்ச் சட்டி. (முதல் ஆறு கருகல்.) என் மனைவியும் அக்காவும் தம்பி மனைவியும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு காபி குடித்தார்கள். அப்போது அம்மாவிடம் கேட்டேன், அந்த நாலு ராத்திரி உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"ஒங்க அத்தைமாரெல்லாம் கல்யாணம் ஆகிப் போறதுக்கு முன்ன நாலு பேரு ஒக்காந்து செய்வோம். விடிய விடியச் செஞ்சாலும் அலுப்பே தெரியாது. சிரிச்சுக்கிட்டே கெடப்போம். பொறகு நான் மட்டும்தான. அப்பந்தான் கை வலிக்க ஆரம்பிச்சுது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலையே" என்றாள். கேட்டுவிட்டு அடுத்த சோமாசியை எடுத்து ஓரத்தை நிமிண்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு எண்ணெய் புகை கண்ணில் பட்டது என்று எழுந்து போனேன்.

தீபாவளி ராத்திரிச் சாப்பாடு. மத்தியானக் கறிக்குழம்பு மிச்சம், தோசை, அம்மா வைத்த ரசம், நடுவில் இரண்டு பை, ஒரு தாம்பாளம் நிறையச் சோமாசி. எங்கள் ஓவன் சின்னது, ஒரு நேரத்தில் ஒரு பைதான் கொள்ளும், அதனால் மத்தியானம் மூன்று மணிக்கே ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஆப்பிள் பைக்கு ஒரு பக்கம் ஓரம் கருகியிருந்தது. பரங்கிக்காய்ப் பை நடுவில் லேசாக விரிசல் விட்டிருந்தது. மகள் அதற்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரி எல்லார் முகத்தையும் பார்த்தாள். அம்மா முதல் துண்டைச் சாமிக்கு வைத்தாள். பெரியப்பாவின் கேள்விக்கு அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டும் பத்து நிமிஷத்தில் காலி. சோமாசியில் பதினைந்து மிச்சம், அதில் ஆறு நான் கருக்கியது.

அம்மா அன்று காலையிலேயே புதுச்சேலை கட்டியிருந்தாள். குளித்ததும்.

இந்தத் தீபாவளிக்கும் எல்லாரும் இங்கேதான். ஃப்ரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டியாச்சு. பலகாரப் பெயர்கள் இல்லை, ஆள் பெயர்களும் வேலையும் மட்டும். பெரியப்பாவும் வருகிறாராம், ரயில் டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு. அவருக்குத் தரையில் உட்கார முடியாது என்பதால் மேசையில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். சோமாசிக் கரண்டி அவருடையது. குழுவில் போட்டுவிட்டேன். நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது, வாய்ஸ் மெசேஜ் இன்னும் வரவில்லை.